அம்மா தமிழில் எழுதி மறைத்தது

அம்மாவைக் கடைசி முறையாக வீட்டுக்குக் கொண்டுவந்த காலையில், எங்களுக்கு முன்பே கேட்டுக்கு வெளியே ஒன்பது பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். 2023 ஜூன் மாதம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் அந்த நேரத்துக்கு நல்ல குளிர். எல்லோரும் கம்பளி போர்த்தியிருந்தார்கள். ஒருவரைக்கூட எங்களுக்குத் தெரியாது. ஆப்பிரிக்கர் குடியிருப்பான உம்லாசியிலிருந்து இரண்டு டாக்சி மாறி வந்ததாக அவர்களில் மூத்தவர் சொன்னார். "சிஸ்டரைப் பார்க்க வந்தோம்" என்றார். நர்ஸாக இருந்த அம்மாவைத்தான் அப்படிச் சொன்னார்.

பந்தலில் எங்கள் தெருக்காரர்கள் தேவாரம் பாடி முடித்ததும் அந்த ஒன்பது பேரும் எழுந்து ஜூலு மொழியில் ஒரு பாட்டுப் பாடினார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து பெட்டியின் ஓரத்தைத் தொட்டு, "ஹம்பா கஹ்லே, மாமா" என்றார்கள். நல்லபடியாகப் போய் வாருங்கள், அம்மா என்று அதற்குப் பொருள். டீ குடித்தார்கள். அவசரமாகக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

அவர்கள் யார், அம்மா அவர்களுக்கு என்ன செய்தார் என்று நாங்கள் கேட்கவே இல்லை. அன்று எனக்கு ஐயர் கேட்ட எலுமிச்சம்பழம், டெத் நோட்டீஸ் பேப்பர், மத்தியானம் எத்தனை பேருக்குப் பருப்பும் சோறும் என்கிற கணக்கு, இவைதான் மண்டையில் இருந்தன. பேரைக் கேட்டிருக்கலாம். ஒரு போன் நம்பர் வாங்கியிருக்கலாம். இரண்டு வருடமாக மனதை அரிப்பது இதுதான்.

அம்மா பிறந்தது 1946இல், டர்பன் மேகசின் பராக்ஸில். நகராட்சி வேலைக்காரர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். தாத்தாவுக்குத் தெருக் கூட்டும் வேலை. பராக்ஸில் சாயங்காலத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்று நடந்தது. அம்மா அங்கேதான் எழுதக் கற்றார். இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்று 1950இல் வந்த சட்டம் 1960களில் பராக்ஸ் வரைக்கும் வந்தது. குடும்பங்களை எல்லாம் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றினார்கள். அந்தச் சமயத்தில் அம்மா கிங் எட்வர்ட் மருத்துவமனையில் நர்ஸ் படிப்பில் இருந்தார். ஒரே படிப்பு, ஒரே வேலை. ஆனால் வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கும் கலப்பினத்தாருக்கும் அதற்குக் குறைவாக ஒன்று, ஆப்பிரிக்கருக்கு அதற்கும் கீழே ஒன்று. பக்கத்தில் நின்று அதே பேறுகாலம் பார்த்த ஜூலு தோழி தன்னைவிடக் குறைவாக வாங்கியதை அம்மா கடைசிவரை மறக்கவில்லை. 1969இல் சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான் மருத்துவமனை திறந்தது. பிறகு அங்கே பேறுகால வார்டு, அதன்பின் அரசாங்க கிளினிக், 2006இல் அறுபது வயதில் ஓய்வு.

சரி, இவ்வளவும் எங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாததெல்லாம் அலமாரியில் இருந்தது.

கருமாதிக்கு மூன்று நாள் முன்பு அக்காவும் நானும் அம்மாவின் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தோம். அடியில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள் தோளில் குத்தும் மெரூன் பட்டை இரண்டு. பேறுகாலப் படிப்பு முடித்தவர்களுக்குக் கொடுக்கும் பச்சைக் கோடு அவற்றில் இருந்தது. நெஞ்சில் தலைகீழாகத் தொங்கவிடும் நர்ஸ் கடிகாரம் ஒன்று. அதன் கீழே, கறுப்பு அட்டை போட்ட இரண்டு நோட்டுப் புத்தகங்கள்.

அக்கா ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. தம்பிக்கும் வராது. எங்கள் வீட்டில் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போனது நான் ஒருத்திதான். அம்மா அதில் என்னை மட்டும் தப்ப விடவில்லை. ஏன் என்று அன்று கேட்டதற்கு, "வீட்டில் ஒருத்தருக்காவது தெரியணும்" என்று மட்டும் சொன்னார்.

எனக்குமே முதலில் திணறல்தான். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகு அச்சான பாடப் புத்தகத்தில் படித்தவள் நான். அம்மா எழுதியது அதற்கு முந்திய எழுத்து. லை, னை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை போல முன்னால் வளைந்திருந்தன. ணா, றா, னா மூன்றும் சுழித்துக்கொண்டு நின்றன. அரை மணி நேரம் கண் பழகிய பிறகுதான் படிக்க வந்தது.

நோட்டில் இருந்தது பிறப்புக் கணக்கு. 1971 முதல் 1993 வரை, தான் பொறுப்பில் இருந்த நைட் டூட்டிகளில் பிறந்த குழந்தைகள். தேதி, ஆணா பெண்ணா, எடை, கூடவே ஒரு வரி. "பெண். 3.2. தாய் பாடிக்கொண்டே பெற்றாள்." "ஆண். 2.4. அழ நேரமாயிற்று. பிறகு அழுதான்." "பெண். மூச்சு இல்லை. துணி நாங்களே வாங்கினோம்." இப்படிப் பக்கம் பக்கமாக. ஒரு பெயர்கூட இல்லை. வார்டில் வேறு யாராலும் படிக்க முடியாத எழுத்தில், பெயரும் இல்லாமல் எழுதி வைத்திருக்கிறார். யார் கையில் கிடைத்தாலும் ஒரு தாயின் கதை வெளியே போகக் கூடாது என்று அவர் போட்ட பூட்டு தமிழ்.

அன்றிரவு நாங்கள் எடுத்த முடிவினால்தான் பதினாறாம் நாள் வேறு மாதிரி நடந்தது. டீ மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நோட்டும் நான்கு பேனாவும் வைத்தோம். என் மகனையும், ஜூலு நன்றாகப் பேசும் அவனுடைய நண்பனையும் அங்கே உட்கார வைத்தோம். வருகிறவர்களிடம் மூன்றே கேள்வி. அம்மாவை எந்த வருடம் தெரியும்? எந்த இடத்தில்? அவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லுங்கள், எது வேண்டுமானாலும். எழுத வராதவர்கள் பேசினால் போதும், போனில் பதிவு செய்துகொண்டார்கள். கடைசியில் தொடர்பு நம்பர். "அவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் "நல்ல மனுஷி" என்றுதான் சொல்வார்கள். வருடத்தையும் இடத்தையும் முதலில் கேட்டால் மனது அந்த இடத்துக்குப் போய்விடுகிறது, மற்றதெல்லாம் தானாக வருகிறது. இதை என் மகன்தான் கண்டுபிடித்துச் சொன்னான். முதலில் கேள்விகளை நான் வேறு வரிசையில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

அன்று 63 பேர் எழுதினார்கள் அல்லது பேசினார்கள். பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியிலிருந்து வந்த ஒருவர், 1994 ஜூன் மாதத்தைப் பற்றிப் பேசினார். கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் இலவச மருத்துவம் என்று மண்டேலா அறிவித்து நடைமுறைக்கு வந்த மாதம் அது. கிளினிக் வாசலில் விடியுமுன்பே வரிசை நிற்கும். இருட்டிலும் சிஸ்டர் வரிசை நெடுக நடந்து, யாருக்கு வலி அதிகம், யாருடைய குழந்தை துவண்டு கிடக்கிறது என்று பார்த்து முன்னால் கொண்டுபோவாராம். அந்த மாதங்கள் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு வந்து, உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். வீங்கிய கால் எங்களுக்குத் தெரியும். அது எதனால் வீங்கியது என்பதை 29 வருடம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் வந்து சொன்னார்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அம்மாவின் வேலைக்கு நாங்கள் விலை கொடுத்தோம். தீபாவளி விடியற்காலையில் அப்பாதான் எங்களுக்கு எண்ணெய் வைத்தார், பல வருடம். பள்ளியில் பரிசு வாங்கிய நாட்களில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. 1987 செப்டம்பர் கடைசி வாரம் எங்கள் நேட்டால் மாகாணத்தில் பெருவெள்ளம். துகேலா ஆற்றின் ஜான் ராஸ் பாலமே அடித்துக்கொண்டு போன வெள்ளம் அது. அந்த வாரம்தான் நான் வயதுக்கு வந்தேன். அம்மா மூன்று நாள் மருத்துவமனையிலேயே தங்கிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். அம்மா திரும்பி வந்தபோது நான் அவரிடம் பேசவில்லை. எத்தனை நாள் பேசாமல் இருந்தேன் என்று ஞாபகமில்லை. அந்தக் கோபம் போக வெகு காலம் ஆயிற்று என்பது மட்டும் நிச்சயம். பொது வேலைக்குப் போகும் தாயைப் பற்றி எழுத உட்காரும் பிள்ளைகள் இந்தப் பக்கத்தை விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். விட்டுவிட்டால் அங்கே தாய் இருக்க மாட்டார், ஒரு படம்தான் மாட்டியிருக்கும்.

அம்மாவைப் பேச வைப்பது சுலபமாக இருக்கவில்லை. "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கம்மா" என்றால், "என்ன இருக்கு, வேலை செஞ்சேன்" என்று முடித்துவிடுவார். கடைசி எட்டு மாதம் மூச்சுத் திணறலுக்காக வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடியது. 2023இல் இங்கே மின்வெட்டு மிக மோசம். இரண்டு மணி நேரம், சில நாள் நான்கு மணி நேரம். கரண்ட் போனதும் மெஷின் நிற்கும், உடனே சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். (வீட்டில் இப்படி நோயாளி இருப்பவர்கள் சிலிண்டரின் முள் எங்கே நிற்கிறது என்று தினமும் காலையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் நாங்கள் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் உயிர் போய் உயிர் வந்தது.) டிவி இல்லை, வெளிச்சம் இல்லை. அந்த இருட்டு மணிகளில்தான் அம்மா பேசினார். வாழ்க்கையைப் பற்றிக் கேட்காமல் கையில் ஏதாவது ஒரு பொருளைக் கொடுத்துக் கேட்டேன். பழைய டிபன் கேரியர். அப்பாவின் ரயில் சீசன் டிக்கெட். பராக்ஸில் எடுத்த ஒரே போட்டோ. பொருளைத் தடவியதும் பேச்சு ஊறியது. 1994 ஏப்ரல் 27ஆம் தேதி நைட் டூட்டி முடிந்து யூனிபாரத்தோடே ஓட்டு வரிசையில் போய் நின்றதை அப்படித்தான் கேட்டேன். 1984இல் இந்தியருக்கென்று தனி அவை வைத்து நடத்திய தேர்தலை எங்கள் வீடே புறக்கணித்தது. அதனால் 48 வயதில்தான் அம்மாவுக்கு முதல் ஓட்டு.

மொத்தம் பதினொரு பதிவு. எல்லாவற்றிலும் சிலிண்டரின் 'உஸ்' சத்தம் இருக்கிறது. அதை நீக்கித் தருவதாகத் தம்பி சொன்னான். வேண்டாம் என்றேன்.

அக்காவிடம் இன்னும் நிறைய இருந்தது. அம்மா தினமும் வாட்ஸாப்பில் அனுப்பிய குரல் செய்திகள், மூன்று வருடத்துக்கு. "சாப்பிட்டியா, மழை வருது, துணி எடு." போன் உடைந்து புதிது வாங்கியபோது எல்லாம் போய்விட்டது, பேக்கப் போட்டிருக்கவில்லை. இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே அம்மாவின் பேச்சுப் பக்கத்தைத் திறந்து, ஏற்றுமதி என்று இருப்பதை அழுத்தி, தனக்கே ஒரு மெயிலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி காகித விஷயம். அம்மா உயில் எழுதியிருந்தார். எழுதாதவர்களே அதிகம் என்பதால் அதுவே பெரிது. ஆனால் சாட்சிக் கையெழுத்தில் ஒன்று அக்காவின் கணவருடையது. இந்த நாட்டுச் சட்டப்படி சாட்சிக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும், இரண்டு பேர் வேண்டும், எழுதியவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வேண்டும். சாட்சி போட்டவரும் அவருடைய கணவனோ மனைவியோ அந்த உயிலால் பொதுவாகப் பயனடைய முடியாது. அக்கா மகள் என்பதால், உயிலே இல்லாவிட்டாலும் அவளுக்கு வரக்கூடிய பங்கு அளவுக்கு விலக்கு இருந்தது. இதை விளக்கிக் காகிதம் கொடுத்து முடிக்க மாதக்கணக்கில் ஆயிற்று. நடுவில் அக்கா அழுத அழுகைக்கு ஈடே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை.

இறந்தவர் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் உயர் நீதிமன்றத்து மாஸ்டர் அலுவலகத்துக்கு இறப்பை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். சொத்து இரண்டரை லட்சம் ராண்டுக்குள் இருந்தால் நடைமுறை சுருக்கம். அதற்கு மேல் போனால் முறைப்படி நிர்வாகி நியமனம், அரசிதழிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம், கடன்காரர்களுக்குக் குறைந்தது 30 நாள். எங்களுக்குப் பெரிய சிக்கல் பெயர்தான். பிறப்புச் சான்றில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் வேறு, கல்யாணச் சான்றில் அப்பாவின் பெயரே குடும்பப் பெயராக மாறி மூன்றாவது. 1860இல் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து நின்ற நாள் தொட்டு குமாஸ்தாவின் காதில் விழுந்த மாதிரியே நம் பெயர்களை எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கவுண்டர் 'கோவேந்தர்' ஆனது அப்படித்தான். ஒரு இடத்தில் எங்களை மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் போலீஸ் ஸ்டேஷனில் சத்தியப் பிரமாணம் எழுதி, மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று உறுதி செய்து கொடுத்தோம். அதற்குப் பணமும் கிடையாது. அம்மா இருக்கும்போதே அவரையே எழுதிக் கையெழுத்திடச் சொல்லியிருந்தால் இவ்வளவு அலைச்சல் வந்திருக்காது.

பதினாறாம் நாளுக்கு வந்தவர்களில் ஒரு பெண் எழுதவும் இல்லை, பதிவு செய்யவும் விடவில்லை. என்னை மட்டும் பின்பக்கத் துவைகல் பக்கம் கூட்டிப்போய்ப் பேசினார். 2002ஐ ஒட்டிய காலம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எய்ட்ஸ் கிருமி போகாமல் தடுக்கும் நெவிரபீன் மருந்து எல்லா அரசு மருத்துவமனைகளிலும் கிடைக்க வேண்டும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் அந்த ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. அந்த நாட்களில் அம்மா கிளினிக்கில் கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் கேட்டுக்கொண்டது அதுதான். அவருடைய பிள்ளை இப்போது கல்லூரியில் படிக்கிறான் என்பதை மட்டும் சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன்.

அதனால்தான் நோட்டுகளையும் நாங்கள் வெளியே கொடுக்கவில்லை. வெஸ்ட்வில்லில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி லுத்துலி ஆவண மையம் இப்படிப்பட்ட குடும்பக் காகிதங்களைப் பாதுகாத்து வைக்கிறது. பராக்ஸ் போட்டோவின் பிரதியைக் கொடுக்கும் எண்ணம் இருக்கிறது. நோட்டில் பெயர் இல்லைதான், ஆனாலும் தேதியும் எடையும் போதும், தேடுகிறவருக்குத் தெரிந்துவிடும். தம்பிக்கு இதில் வருத்தம். வரலாறு வீணாகிறது என்கிறான். அம்மா போட்ட பூட்டை நான் உடைக்க மாட்டேன் என்றேன். இன்னும் அந்தப் பேச்சு முடியவில்லை.

ஒரு முறை மட்டும் அந்தப் பூட்டைத் திறந்தேன்.

பதினாறாம் நாள் நோட்டில் முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதுப் பெண் ஒருவர் எழுதியிருந்தார்: "1987. வெள்ளத்தில் பிறந்தேன். லைட் இல்லை. சிஸ்டர் டார்ச் வைத்துக்கொண்டு பிறக்க வைத்தார் என்று என் அம்மா சொல்வார். செப்டம்பர் 28." கீழே நம்பர்.

அம்மாவின் அஸ்தியை ப்ளூ லகூனில், உம்கேனி ஆறு கடலில் சேரும் இடத்தில் கரைத்துவிட்டு வந்த இரவு அந்தத் தேதியைத் தேடினேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணுக்காக மட்டும் தேடவில்லை. அந்த மூன்று நாளில் எங்காவது என்னைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருப்பாரா என்றும் தேடினேன். இல்லை. குழந்தைகள் மட்டும்தான். 28ஆம் தேதிக்குக் கீழே இரண்டு வரி இருந்தது. "பெண். 2.6. டார்ச்." "பெண். 3.1. டார்ச். மழை நிற்கவில்லை."

மறுநாள் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இரண்டில் நான் எது?" என்று கேட்டார். தெரியவில்லை, பெயர் எழுதவில்லை என்றேன். அவர் போனைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் அம்மாவிடம் ஜூலுவில் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. அந்தக் கிழவி நீளமாகப் பதில் சொன்னார். குரல் உடைந்திருந்தது.

"சின்னதாக இருந்தேனாம்" என்று திரும்பி வந்து சொன்னார். "அப்படியானால் 2.6 தான் நான். இன்னொரு தடவை படியுங்கள்."

படித்தேன். முதலில் தமிழில், அப்புறம் அவருக்குப் புரியும்படி. அவர் எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அந்த 3.1 இப்போது எங்கே இருப்பாள்?"